மணியாரை ஏற்றாத ஓடம்

கொள்ளிடத்தின் வடகரையில், திருமழபாடிக்குக் கிழக்கே இருந்த கோரைக்குறிச்சிக்கு வருஷத்தில் இரண்டு முகம். தை கழிந்து தண்ணீர் வடிந்துவிட்டால் ஆறு வெறும் மணல்காடு. தென்கரையில் இருக்கும் மருதந்துறைக்கு யார் வேண்டுமானாலும் நடந்தே போகலாம். பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிதண்ணீர் எடுப்பார்கள். வெள்ளரிக் கொடி படரும். மாட்டு வண்டிகூட ஆற்றுக்குள் இறங்கி அக்கரை ஏறும். ஆடியில் மேலணைப் பலகைகளைத் தூக்கிவிட்டால் அத்தனையும் மறைந்துவிடும். முதலில் நுரையும் சருகுமாக ஒரு ஓட்டம் வரும். மறுநாள் பார்த்தால் கரைக்குக் கரை செந்தண்ணீர். படுகையில் நிற்கும் வாழை முழங்கால்வரை நனைந்து நிற்கும்.

அப்புறம் ஊருக்கு வெளியுலகம் என்றால் அது ஓர் ஓடம்தான். ரயிலைப் பிடிக்க அரியலூருக்குப் போவதென்றால் வடக்கே வண்டி கட்டி மருதையாற்றைத் தாண்டிப் போக வேண்டும். அதைவிடச் சந்தையும் வைத்தியமும் சம்பந்தமும் அக்கரையில்தான் ஊருக்கு அதிகம். அதனால் ஓடக்காரனைப் பகைத்துக்கொண்டு கோரைக்குறிச்சியில் யாரும் குடித்தனம் நடத்தியதில்லை. ஊர் அதிகாரியான பட்டாமணியார் உத்திராபதி ஒருவர்தான் அதற்கு விலக்கு.

ஓடக்காரன் குழந்தைவேலு. அவன் மனைவி கலியம்மாள். அவள் பிறந்த வீடும் துறைக்காரர் வீடுதான். நடக்கப் பழகும்போதே கழி பிடிக்கப் பழகியவள். மழைக்காலத்தில் கூட்டம் அதிகமானால் ஓடத்தின் முன்முனையான முன்னணியத்தில் அவள் நின்று கழி ஊன்றுவாள், பின்னால் அவன் துடுப்புப் போடுவான். குழந்தை இல்லை. அதைப் பற்றி ஊர் பேசியதே தவிர அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை. குழந்தைவேலு அதிகம் பேசாதவன். கள்ளுக்கடை வாசலை மிதிக்காதவன். "தண்ணியில தொழில் பண்றவன் இன்னொரு தண்ணியத் தொடக் கூடாது" என்று அவனுடைய அப்பா சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதை அவன் சத்தியமாகவே வைத்திருந்தான்.

நாற்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில் ஒரு பகல். விடாத மழை. கலியம்மாள் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு கலயத்தில் கஞ்சி எடுத்துக்கொண்டு துறைக்கு வந்தாள். துறையில் மணியார் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சீர்ப் பாத்திரங்களைச் சுமந்துகொண்டு அவருடைய பண்ணையாட்கள் இரண்டு பேர். அண்ணனும் தம்பியும். வேறு ஒரு ஈ, காக்கை இல்லை. குழந்தைவேலு ஓடத்தை மரத்தில் கட்டிவிட்டுக் கைகட்டி நின்றான்.

"நுரை கட்டி வருதுங்க ஐயா. மரம் மட்டையெல்லாம் அடிச்சுக்கிட்டு வருது. இன்னிக்கு ஓடம் எறங்காது. நாளைக்குத் தணிஞ்சிடும், மொத ஓடம் உங்களுக்குத்தான்."

"நாளைக்குக் காலம்பற எம்பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். சீரோட நான் அங்க நிக்கணும். ஆத்துல தண்ணி வருதுன்னு சம்பந்தி வூட்டுல சொல்லச் சொல்றியா?"

"உசுருக்கு மேல நிச்சயதார்த்தம் இல்லீங்களே."

மணியார் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். குரலை உயர்த்தவில்லை. "நீ குடியிருக்குற மனை புறம்போக்கு, குழந்தைவேலு. நான் ஒரு வரி எழுதினா நாளைக்கு ஓலையப் பிரிச்சுடுவாங்க. அது ஞாபகம் இருக்கட்டும்."

கலியம்மாள் குறுக்கே வந்து நின்றாள். "அவரு காலையிலேர்ந்து சாப்புடலீங்க ஐயா. சித்த தணியட்டும்."

"அக்கரைக்குப் போயித் தின்னுக்கட்டும்" என்றார் மணியார்.

குழந்தைவேலு அவளைப் பார்த்தான். பிறகு முடிச்சை அவிழ்த்தான். நாலு பேரோடு ஓடம் மழைக்குள் போயிற்று. பத்து ஆள் நீளம் போவதற்குள் அது கண்ணுக்குத் தெரியவில்லை. கஞ்சிக் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஓடம் திரும்பி வரவில்லை.

மணியார் ஒருவர்தான் பிழைத்தார். மிதந்து வந்த மரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போய், மருதந்துறைக்குக் கீழே நாணலில் ஒதுங்கியிருந்தார். அண்ணன் தம்பி இருவரையும் மறுநாள் எடுத்தார்கள். குழந்தைவேலு அதற்கு மறுநாள் கிடைத்தான்.

தாலுகாவிலிருந்து விசாரிக்க வந்த அதிகாரியிடம் மணியார் போர்வை போர்த்திக்கொண்டு வாக்குமூலம் கொடுத்தார். ஓடக்காரன் குடித்திருந்தான் என்றார். வேண்டாம் என்று தான் தடுத்ததாகவும், அன்றையக் கூலி போகிறதே என்று அவன்தான் பிடிவாதமாக ஓடத்தை இறக்கியதாகவும் சொன்னார். கலியம்மாள் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, "பொய்யி. நான் அங்க நின்னேன்" என்றாள். புருஷனைப் பறிகொடுத்தவள் வேறு எப்படிப் பேசுவாள் என்று பக்கத்திலிருந்தவர்கள் அவளைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அதிகாரி எழுதிக்கொண்டு போனார்.

செத்துப்போன அண்ணன்காரனின் மனைவி ஆண்டாயி. ஒரே நாளில் புருஷனையும் கொழுந்தனையும் இழந்தவள். காரியம் முடிந்த மறுநாள் அவள் ஆற்று மண்ணை முந்தானையில் கட்டிக்கொண்டு வந்து கலியம்மாள் வாசலில் நின்றாள். "குடிச்சுப்புட்டு எங்குடிய கெடுத்தவன் வூடு வெளங்காமப் போவட்டும்" என்று மண்ணை வாரித் தூற்றினாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கலியம்மாள் கதவைச் சாத்தவில்லை. மண் முகத்தில் விழ நின்றாள். ஆண்டாயிமேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அந்த மண்ணை அவள் கையில் அள்ளிக் கொடுத்தவர் யார் என்று தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து ஆற்றில் அவள் தண்ணீர் எடுக்க இறங்கினால் மற்றப் பெண்கள் கரையேறிப் போனார்கள். குழந்தைவேலு என்ற பெயரை ஊர் மறந்து, குடிகார ஓடக்காரன் என்றே சொல்ல ஆரம்பித்தது. புருஷன் செத்த துக்கம் ஒரு பக்கம் இருக்க, இந்தச் சொல் அவளை வேறு விதமாக அறுத்தது. செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்ல முடியாது. மணியார் தினமும் விபூதி பூசிக்கொண்டு தெருவில் நடந்து போனார்.

குழந்தைவேலுவின் தம்பி தர்மன் கீழூரில் கரும்பு வெட்டுகிறவன். முரடன். ஒருநாள் வந்து வாசலில் குந்தினான்.

"ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணி. படுகப் பக்கம் தனியாத்தான் வரான் அந்த ஆளு. கால ஒடச்சுப் போட்டுட்டுப் போயிடறேன்."

"ஒடச்சா கட்டுப் போட்டு எந்திரிச்சிடுவாரு. ஊரு அவருக்குத்தான் ஐயோ பாவம்னு சொல்லும். நீ செயிலுக்குப் போவ." அவள் ஆற்றுப் பக்கம் கை காட்டினாள். "ஓடம் ஏலாக்குறிச்சிப் பக்கம் நாணல்ல மாட்டிக் கெடக்குதாம். அத இழுத்துக்கிட்டு வந்து குடு. அது போதும்."

பங்குனி வெயிலில் ஓடத்தை மணலில் கவிழ்த்துப் போட்டு, தச்சரை வைத்துப் பலகை மாற்றி, அவளே தார் பூசினாள். துறை கோரைக்குறிச்சிக்குச் சொந்தமானதல்ல. தென்கரைச் சிவன் கோயிலுக்குச் சொந்தம். கோயில் தர்மகர்த்தா மருதந்துறைக்காரர். கலியம்மாள் மணலில் நடந்து போய் அவரைப் பார்த்தாள். பெண்பிள்ளை ஓடம் தள்ளுவாளா என்று அவர் யோசித்தார். அவளுடைய அப்பாவை அவருக்குத் தெரியும். யுத்த காலம், ஆள் கிடைப்பது கஷ்டம். "தண்ணி வரட்டும், பாக்கலாம்" என்றார்.

தண்ணீர் வந்தது. ஆடிப் பதினெட்டுக்கு முன்பே வந்துவிட்டது. முதல் நாள் யாரும் ஏறவில்லை. இரண்டாம் நாள் ஏலாக்குறிச்சிக்காரர் மரியசூசை வாத்தியார் ஏறினார். அக்கரைப் பள்ளிக்கூடத்தில் வேலை, போகாமல் முடியாது. அவர் பத்திரமாகப் போய் வந்ததைப் பார்த்து மற்றவர்கள் ஏறினார்கள். ஒரு வாரத்தில் துறை பழைய துறையாகிவிட்டது. பேசாதவர்கள்கூட அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஓடத்தில் இறங்க வேண்டியிருந்தது.

பிறகு ஒரு காலையில் மணியார் வந்தார். வெள்ளை வேட்டி, அங்கவஸ்திரம், குடை. ஓடத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவரைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார்கள். அவர் காலைத் தூக்கினார். கலியம்மாள் கழியை ஊன்றி ஒரு தள்ளுத் தள்ளினாள். ஓடம் ஒரு ஆள் நீளம் விலகிற்று. மணியாரின் கால் தண்ணீரில் இறங்கியது.

"என்னாடி இது?" என்றார்.

"மன்னிக்கணும்ங்க ஐயா. உங்கள ஏத்தறதுக்கு இல்ல."

"எடந்தான் இருக்கே."

"எடம் இருக்குதுங்க. ஓடக்காரர் குடிக்கல, நாந்தான் மெரட்டி எறங்க வச்சேன்னு இந்தத் துறையில நின்னு, ஊரு கேக்கச் சொல்லுங்க. அன்னிக்கு உங்கள அக்கர கொண்டுபோயி எறக்கறேன். அதுவரைக்கும் இல்லீங்க."

குரலில் மரியாதை குறையவில்லை. 'ங்க' ஒன்றையும் அவள் விடவில்லை. ஓடம் போய்க்கொண்டே இருந்தது. மணியார் நனைந்த வேட்டியோடு கரையில் நிற்க, ஓடத்தில் இருந்தவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தண்ணீரைப் பார்த்தார்கள். கலியம்மாளுக்கு அன்றைக்குத்தான் சோறு ருசித்தது.

மணியார் சும்மா இருக்கிறவர் அல்ல. திருமழபாடித் துறையிலிருந்து வேறு ஓடக்காரனை வரவழைத்தார். அவன் வந்து, விஷயத்தைக் கேட்டு, ஒரு வெற்றிலை போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். "குழந்தவேலு அண்ணன எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னானாம். தர்மகர்த்தாவுக்கு மணியார் ஆள் அனுப்பினார். துறை ஒழுங்காக நடக்கிறது, எங்களுக்கு அது போதும் என்று பதில் வந்தது. கடைசியில் கையில் இருந்த ஆயுதத்தையே எடுத்தார். தலையாரியும் நாலு ஆட்களும் வந்து, மனை புறம்போக்கு என்று சொல்லி, கலியம்மாளின் வீட்டு ஓலையைப் பிரித்தார்கள். மண்சுவரைக் கடப்பாரையால் தள்ளினார்கள்.

அவள் தடுக்கவில்லை. சட்டி பானையையும் பாயையும் எடுத்து ஓடத்தில் வைத்தாள். அக்கரைக்குப் போனாள். தர்மகர்த்தாவின் தோப்பு ஓரத்தில் தர்மன் வந்து ஒரு குடிசை போட்டுக் கொடுத்தான்.

ஆறுதான் எல்லை. வடகரை திருச்சி ஜில்லா, தென்கரை தஞ்சாவூர் ஜில்லா. உத்திராபதி மணியாரின் அதிகாரம் பாதி ஆற்றோடு முடிந்துபோகும். வீட்டைப் பிரித்த அன்றைக்கு அவர் இதை யோசிக்கவில்லை. இனி அவளிடமிருந்து பிடுங்குவதற்கு அவர் கையில் ஒன்றுமில்லை. அவள் காலையில் அக்கரையிலிருந்து வருவாள், ஊர் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவாள், பொழுது சாயக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் போவாள். இந்தக் கரை மண்ணில் கால் வைப்பதுகூட இல்லை.

மணியார் பெண்ணின் கல்யாணம் அடுத்த பங்குனியில், மணல் காலத்தில் நடந்தது. ஓடம் கவிழ்ந்தபோது பேசியிருந்த அதே நிச்சயம்தான், அதே மாப்பிள்ளைதான். மகள் பச்சையம்மாள் மருதந்துறைக்கு வாழப் போனாள். ஆனி வரைக்கும் மணியார் வாரம் ஒருமுறை நடந்து போய் மகளைப் பார்த்தார். தண்ணீர் வந்ததும் அது நின்றது. மகளைப் பார்க்க வேண்டுமென்றால் வண்டி கட்டி அரியலூர், அங்கே ரயிலேறித் திருச்சி, திருச்சியில் மாறித் தஞ்சாவூர், மறுபடி வண்டி. கூப்பிடு தூரத்தில் தெரிகிற கூரைக்கு மூன்று ஊர் சுற்றி ஒரு பயணம். யுத்தக் கூட்டத்தில் நின்றுகொண்டே ரயிலில் போய், தூசியும் கரியுமாக அவர் சம்பந்தி வீட்டில் இறங்குவதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள்.

மணியார் வீட்டு மற்றவர்களைக் கலியம்மாள் ஏற்றினாள். அதில்தான் அவளுடைய குரூரம் இருந்தது. மணியாரின் மனைவி மீனாட்சி வந்தால் கையைப் பிடித்து இறக்கி, நனையாத பலகையில் உட்கார வைப்பாள். "ஐயா சௌக்கியமா? இருமல் தேவலையா?" என்று விசாரிப்பாள். மீனாட்சி தலையைக் குனிந்துகொள்வாள். பேரன் பிறந்தபோது மீனாட்சியும் சொந்தக்காரர்களும் தட்டுத் தாம்பாளத்தோடு ஓடமேறிப் போனார்கள். மணியார் படுகையில் வாழைகளுக்கு நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கலியம்மாள் ஓடத்தை வேண்டுமென்றே நிதானமாகத் தள்ளினாள். அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று.

ஒருநாள் வாத்தியார் கேட்டார். ஓடத்தில் அவர் மட்டும்தான் இருந்தார்.

"கலியம்மா, மன்னிச்சுவுட்டா உனக்கே பாரம் கொறையும். எங்க கோயில்ல அதத்தான் சொல்றோம்."

"நீங்க நல்லவங்க வாத்தியாரய்யா. மன்னிப்பு கேட்டாத்தானே குடுக்கலாம்? அவரு இன்னும் கேக்கவே இல்லீங்களே."

"கேட்டா குடுப்பியா?"

அவள் துடுப்பைப் போட்டுக்கொண்டே யோசித்தாள். "அது தெரியலீங்க" என்றாள்.

பச்சையம்மாளுக்கு விஷயம் அரைகுறையாகத்தான் தெரியும். கைக்குழந்தையோடு அப்பா வீட்டுக்குப் போன ஒரு நாள், நடு ஆற்றில் கேட்டுவிட்டாள்.

"எங்கப்பா மேல ஏன்க்கா இவ்வளவு ஆங்காரம்? உங்க வூட்டுக்காரரு குடிச்சிருந்தாருன்னுதானே எல்லாரும் சொல்றாங்க?"

"பாப்பா, உன் நிச்சயதார்த்தத்துக்குச் சீர் கொண்டு போவணும்னுதான் உங்கப்பா அன்னிக்கு வந்து நின்னாரு. எறங்காதுன்னாரு இவரு. வூட்டப் பிரிச்சுடுவேன்னாரு அவரு. நான் கஞ்சிக் கலயத்தோட பக்கத்துல நின்னேன். நடந்தது இதுதான். நம்பணும்னு நான் கேக்கல."

பச்சையம்மாள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அன்று அப்பா வீட்டில் அவள் இரண்டு நாள் தங்குவதாக இருந்தது. மறுநாள் காலையிலேயே துறைக்கு வந்துவிட்டாள். அழுது முகம் வீங்கியிருந்தது. என்ன பேசினார்கள் என்று கலியம்மாள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு தண்ணீர்க் காலத்தில் பச்சையம்மாள் பிறந்த வீட்டுக்கு வரவில்லை.

நாற்பத்தாறாம் வருஷம். இரண்டாவது பிரசவத்துக்கு உதவியாக மீனாட்சி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். போன இடத்தில் விஷக் காய்ச்சல் கண்டது. மருதந்துறை வைத்தியர் கையை விரித்துவிட்டார். அவள் நினைவு வரும்போதெல்லாம் புருஷனைக் கேட்கிறாள் என்று ஓடத்தில் ஓர் ஆள் வந்து சொன்னான். மணியார் வண்டியைக் கட்டச் சொன்னார். மருதையாற்றில் வெள்ளம் புரண்டு ஓடுகிறது, அரியலூர்ப் பாதை அறுந்துவிட்டது என்று வண்டிக்காரன் திரும்பி வந்தான்.

அவர் துறைக்கு வந்தார். குடை இல்லை, செருப்பு இல்லை. அன்று மருதந்துறையில் சந்தை. அதற்குப் போகிறவர்கள் கரை நிறைய நின்றார்கள். அவர்களில் ஆண்டாயியும் இருந்தாள். வாத்தியாரும் இருந்தார். ஓடம் அப்போதுதான் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது.

"மீனாட்சி பொழைக்க மாட்டா. என்னைக் கொண்டு போயி விடு கலியம்மா" என்றார் மணியார்.

"சொல்லுங்க ஐயா. கொண்டு போறேன்."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். ஒரு சுற்றுப் பார்த்தார். கலியம்மாள் கழியை எடுத்தாள். ஓடம் அசைந்தது.

"குடிக்கல" என்றார் மணியார்.

"கேக்கலீங்க."

"குழந்தைவேலு குடிக்கல. எறங்காதுன்னுதான் சொன்னான். வூட்டப் பிரிச்சுடுவேன்னு நாந்தான் மெரட்டி எறக்குனேன்." நிறுத்தியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். இத்தனை வருஷம் அடைத்து வைத்திருந்தது உடைந்துவிட்டதால் அவரால் நிறுத்த முடியவில்லை. "நடு ஆத்துத் திட்டுக்கிட்ட மரம் மோதி ஓடம் கவுந்துச்சு. எனக்கு நீச்சல் தெரியாது. அவன் கையிலதான் அந்த மரம் இருந்துச்சு. என் குடுமிய புடிச்சு இழுத்து அது மேல போட்டுட்டு, கெட்டியாப் புடிச்சுக்குங்க ஐயான்னு சொல்லிட்டு, அந்த ரெண்டு பேரைத் தேடிக்கிட்டுப் போனான். அப்புறம் நான் பாக்கல."

ஆண்டாயி தலையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள்.

கலியம்மாளுக்கு முதல் பாதி தெரிந்ததுதான். இரண்டாம் பாதி தெரியாது. புருஷன் எப்படிச் செத்தான் என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறாள். தான் பிழைக்கப் பிடித்திருந்த மரத்தை இந்த மனுஷனுக்குக் கொடுத்துவிட்டுப் போனான் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. நெஞ்சில் ஏதாவது இளகும் என்று காத்திருந்தாள். இளகவில்லை. இதுவரை இருந்தது வெறும் புகைச்சல், இப்போதுதான் நெருப்பே பிடித்தது என்பதுபோல உடம்பு முழுக்கக் கொதித்தது.

"ஏறுங்க" என்றாள். "மத்தவங்க அடுத்த ஓடத்துல வாங்க."

ஓடத்தில் அவர்கள் இரண்டு பேர்தான். மணியார் நடுப்பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதி ஆற்றில் தண்ணீருக்கடியில் திட்டு வருகிற இடத்தில் அவள் துடுப்பை வைத்துவிட்டுக் கழியை ஊன்றினாள். ஓடம் நின்றது. இருபுறமும் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது.

"இந்த எடந்தானா?"

அவர் தலையை அசைத்தார். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கும் அந்த நேரத்தில் தெரியவில்லை. கழியைச் சற்றே சாய்த்து ஒரு பக்கம் எடையைக் கொடுத்தால் போதும். அவளுக்கு நீந்தத் தெரியும்.

"காப்பாத்துன கைய குடிகாரன் கைன்னு எழுத வச்சீங்களே" என்றாள். "அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கிச்சா உங்களுக்கு?"

அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

"தண்ணியப் பாருங்க. எம் மூஞ்சியப் பாக்க வேணாம். தண்ணியப் பாருங்க."

அவர் பார்த்தார். தோள் வலிக்கிறவரைக்கும் அவள் ஓடத்தை அங்கேயே நிறுத்தி வைத்தாள். அவர் அழ ஆரம்பித்த பிறகும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தாள். பிறகு கழியை எடுத்துத் தென்கரைக்குத் தள்ளினாள்.

கரையில் இறங்கி அவர் கும்பிட்டார். அவள் திரும்பக் கும்பிடவில்லை.

"கொண்டாந்து எறக்கறேன்னு சொன்னேன், எறக்கிட்டேன். போறதுக்குத்தான் பேச்சு. வாரதுக்கு இல்ல. இனிமே இந்த ஓடத்துல நீங்க கால் வைக்கக் கூடாது" என்றாள்.

மீனாட்சி அவரைப் பார்த்தாள், பேசினாள். அடுத்த வாரம் இறந்துபோனாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு மணியார் தஞ்சாவூர் போய், திருச்சி போய், அரியலூர் வந்து, வண்டியில் ஊர் சேர்ந்தார். துறையில் நின்று சொன்னதை எழுதிக் கொடுத்துப் பதவியிலிருந்து விலகிக்கொண்டார். தனியாக அந்தப் பெரிய வீட்டில் இருக்க முடியவில்லை. பங்குனி வந்ததும் மணலில் நடந்து மகள் வீட்டுக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார்.

ஆண்டாயி ஒருநாள் ஓடத்திலிருந்து கடைசி ஆளாக இறங்கினாள். "மண்ண வாரிப் போட்டேனே" என்றாள். கலியம்மாள், "நீ யாருக்குப் போட்டேன்னு எனக்குத் தெரியும், ஆண்டாயி" என்றாள். அந்தக் கோடையில் ஆண்டாயியும் தெருப் பெண்களும் மண் பிசைந்து கொடுக்க, தர்மன் பழைய மனையிலேயே சுவர் எழுப்பினான். கலியம்மாள் வடகரைக்குத் திரும்பினாள். புதிதாக வந்த மணியக்காரர் புறம்போக்கு என்ற வார்த்தையை வாயில் எடுக்கவில்லை.

தண்ணீர்க் காலத்தில் உத்திராபதி சில சமயம் மருதந்துறைப் படிக்கட்டுக்கு வந்து நின்று தன் ஊரைப் பார்ப்பார். சொந்த வீட்டு மாடி அங்கிருந்து தெரியும். கலியம்மாள் ஆட்களை இறக்குவாள், ஏற்றுவாள். அவர் இருப்பதாகவே காட்டிக்கொள்ள மாட்டாள். ஏற்றச் சொல்லி அவர் கேட்கவும் இல்லை.

நாற்பத்தொன்பதாம் வருஷம் ஆடிக் கடைசியில், ஆறு நிறைந்து ஓடும்போது, அவர் செத்துப்போனார். வடகரையில் முன்னோர்களைச் சுட்ட இடத்திலேயே தன்னையும் வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாராம். மருமகன் இரண்டு பெரிய மனிதர்களை அழைத்துக்கொண்டு தென்கரைத் துறைக்கு வந்தான்.

"இனிமே அவரு பொணம். பொணத்துமேல என்ன பக? ஏத்திக்க கலியம்மா" என்றார் அவர்களில் ஒருவர்.

"சொந்தக்காரங்க எத்தன பேரு வந்தாலும் கொண்டாந்து விடறேங்க. அவர ஏத்த மாட்டேன்."

மருமகன் கோபமாக ஏதோ சொல்ல வந்தான். படிக்கட்டில் நின்ற பச்சையம்மாள் அவனைக் கையமர்த்தினாள். "வேணாங்க. இங்கயே வச்சுடலாம்" என்றாள். கலியம்மாளை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று பொழுதுக்கும் கோரைக்குறிச்சி ஆட்களை அவள் ஏற்றிப் போய் இறக்கினாள். பங்காளிகள், பண்ணையாட்கள், பெண்கள். வாத்தியாரும் மாலையோடு போனார். மூன்றாவது தடவை திரும்பும்போது தென்கரையில் புகை எழும்பியது. ஓடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பின்னணியத்தில் நின்றதால் புகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே துடுப்புப் போட்டாள்.

கடைசி ஆளையும் கொண்டுவந்து விட்டபின் ஓடத்தை மரத்தில் கட்டினாள். சாவுக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் ஆற்றில் முழுகிக்கொண்டிருந்தார்கள். அவளும் இறங்கி மூன்று முழுக்குப் போட்டாள். ஈரப் புடவையோடு வீட்டுக்குப் போய் அடுப்பை மூட்டி, பசித்தது என்பதால் ஒரு கை அரிசி கூடுதலாகவே போட்டு உலை வைத்தாள்.